தண்ணீர் லேசில் விடாது: பறக்கும் படகின் அடிவயிற்றில் ஒரு படி ஏன்?

2024 நவம்பரில் கொச்சி போல்காட்டியிலிருந்து கிளம்பிய ஒரு சிறு விமானம், மூணாறுக்குப் பக்கத்தில் மாட்டுப்பெட்டி அணையின் நீர்ப்பரப்பில் போய் இறங்கியது. சோதனை ஓட்டம்தான். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2020 அக்டோபர் 31 அன்று, குஜராத்தில் சபர்மதி ஆற்றிலிருந்து கெவாடியாவுக்கு இதேபோல ஒரு சேவை தொடங்கியது; அது நீண்ட நாள் நிலைக்கவில்லை. இரண்டு இடத்திலும் பறந்தது ட்வின் ஆட்டர் வகை விமானம். இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மிதவையை மாட்டினால் எந்த விமானமும் நீரில் இறங்கி ஏறுமே, இதில் என்ன பெரிய வித்தை?

அந்த விமானத்தின் படத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். மிதவையின் அடிப்பகுதி முன்னிருந்து பின்வரை ஒரே சீராக ஓடாது. ஏறத்தாழ நடுவில், இறக்கைக்குக் கீழே, திண்ணையின் விளிம்புபோலச் சட்டென்று ஒரு வெட்டு இருக்கும். அதன் பெயர் படி. அடிபட்டு உடைந்ததுபோலத் தெரியும் அந்த வெட்டில்தான் வித்தை இருக்கிறது. 1910-களில் கடல் விமானம் கட்டியவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டதில் பாதி அதற்காகத்தான்.

முதலில் பெயர்கள்

மூன்று வகை உண்டு. செய்திகளில் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள்.

1. மிதவை விமானம்: உடல் சாதாரண விமானத்துடையதே. சக்கரத்துக்குப் பதிலாக, கால்களின் முனையில் ஒன்றோ இரண்டோ மிதவைகள் இருக்கும். உடல் தண்ணீரைத் தொடாது.

2. பறக்கும் படகு: உடலே படகு. வயிறு நீரில் அமிழ்ந்திருக்கும். பயணிகளும் எரிபொருளும் அந்தப் படகுக்குள்தான்.

3. நீர்நில விமானம்: மேலே சொன்ன இரண்டில் எதுவானாலும், மடக்கி இறக்கக்கூடிய சக்கரமும் சேர்ந்திருந்தால் இந்தப் பெயர்.

மிதப்பது மூன்றுக்குமே பெரிய விஷயமில்லை. காலி டின்னும் மிதக்கும். தண்ணீரைவிட்டுப் பிரிவதுதான் பாடு.

தன் அலையையே ஏற வேண்டிய படகு

தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. தரையில் ஓடும் விமானத்துக்குச் சக்கரத்தின் உராய்வும் காற்றின் தடையும்தான் எதிரி. நீரில் ஓடும் விமானமோ வழியிலுள்ள தண்ணீரை ஒதுக்கித் தள்ளிக்கொண்டே போக வேண்டும். புறப்பாடு மூன்று கட்டங்களாக நடக்கிறது.

1. அமிழ்ந்து ஓடுதல். தொடக்கத்தில் இது வெறும் படகு. எடை முழுவதையும் தண்ணீர் தாங்குகிறது. முன்னால் ஓர் அலையும் பின்னால் ஓர் அலையும் எழும். வேகம் கூடக்கூட அலையின் நீளமும் கூடும். 10 மீட்டர் நீளமுள்ள படகு மணிக்குச் சுமார் 14 கி.மீ. வேகத்தை எட்டும்போது, அது எழுப்பும் அலையின் நீளமும் 10 மீட்டர் ஆகிவிடுகிறது. அதாவது அணியம் (படகின் முன்முனை) ஓர் அலை முகட்டில், அமரம் (பின்முனை) அடுத்த முகட்டில். இதற்குமேல் வேகம் கூட்டினால் பின்முகடு படகைவிட்டுப் பின்னால் நழுவும். அமரம் பள்ளத்தில் இறங்கும். அணியம் மேலே தூக்கும். படகு தான் எழுப்பிய அலையின் மேட்டிலேயே ஏறிக்கொண்டிருக்கும்.

2. திமில். தண்ணீரின் தடையை வேகத்துக்கு எதிராக வரைபடமாகப் போட்டால், புறப்படும் வேகத்தில் பாதியை எட்டுவதற்குள் ஒரு மேடு வரும். காளையின் திமில்போல எழும்பி, பிறகு சரியும். பொறியாளர்களும் அதைத் திமில் என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். அந்த நேரத்தில் இறக்கை பெரிதாக உதவாது. இறக்கையின் தூக்குவிசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், புறப்படும் வேகத்தில் பாதிக்கு வந்திருந்தாலும் அது தாங்குவது எடையில் கால்வாசிதான். மீதி முக்கால்வாசி இன்னும் தண்ணீரின் தலையில். எஞ்சினுக்குத் திமிலைத் தாண்டும் சக்தி இல்லையென்றால், விமானம் ஏரி முழுக்க இரைச்சலோடு உழுதுகொண்டு ஓடுமே தவிர எழும்பாது. தொடக்ககாலத்தில் இது அடிக்கடி நடந்தது.

3. வழுக்கி ஓடுதல். திமிலைத் தாண்டியதும் நிலைமை மாறுகிறது. குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தட்டையாக வீசினால் தத்தித் தத்திப் போகும் அல்லவா? சில்லு மிதக்கவில்லை, தண்ணீரை அறைந்து, அந்த எதிர்விசையில் மேலே நிற்கிறது. படகின் முன்அடியும் அப்படித்தான் தண்ணீரின் மேல் ஏறி வழுக்கும். நனையும் பரப்பு சுருங்கும், தடை குறையும், வேகம் கூடும், இறக்கை எடையை வாங்கிக்கொள்ளும்.

கணக்குப்படி இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

கரண்டியும் குழாயும்

குழாயிலிருந்து மெல்லிசாகத் தண்ணீர் விழட்டும். ஒரு கரண்டியின் காம்பை நுனிவிரல்களில் தளர்வாகப் பிடித்து, அதன் குழிவில்லாத முதுகை அந்தத் தண்ணீரின் பக்கவாட்டில் கொண்டுபோங்கள். தண்ணீர் கரண்டியைத் தள்ளிவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் கரண்டி உள்ளே இழுக்கப்படும். வளைந்த பரப்பை ஒட்டி ஓடும் நீர் அந்த வளைவோடு சேர்ந்து திரும்புகிறது. அதைத் திருப்புவதற்கான விசைக்கு எதிர்விசையாகக் கரண்டி தண்ணீரை நோக்கி இழுபடுகிறது.

நல்ல படகின் அடி எப்படி இருக்கும்? அமரத்தை நோக்கி மெல்ல வளைந்து மேலேறும். மெதுவாகப் போகும் படகுக்கு அதுதான் சரியான வடிவம், நீர் சுழிக்காமல் பிரியும். ஆனால் மணிக்கு 60, 70 கி.மீ. வேகத்தில் அதே வளைவு கரண்டியின் முதுகாகிவிடும். இறக்கை மேலே இழுக்க, அமரம் கீழே இழுக்கும். விமானி எழும்புவதற்காக மூக்கைத் தூக்கினால், வால்பகுதி இன்னும் ஆழமாகத் தண்ணீருக்குள் போகும். எந்த வடிவம் நல்ல படகாக்கியதோ அதுவே பறக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

பிரான்சில் ஒரு குளம், அமெரிக்காவில் ஓர் ஏரி

தண்ணீரிலிருந்து சொந்த எஞ்சின் விசையில் முதலில் எழும்பியவர் பிரான்சின் ஹென்றி ஃபாப்ர். 1910 மார்ச் 28, மார்செய் நகரத்துக்கு அருகே பெர் உப்பங்கழி. வால்பக்கம் முன்னாலும் இறக்கை பின்னாலும் இருந்த விசித்திரமான அந்த எந்திரத்தில் 50 குதிரைத்திறன் நோம் சுழல் எஞ்சின் இருந்தது. ஃபாப்ர் அதற்குமுன் விமானம் ஓட்டியதே இல்லை. முதல் பறப்பிலேயே அரை கிலோமீட்டர் அளவுக்குப் போய் நல்லபடியாக இறங்கினார். அவர் படகை வைக்கவில்லை. அடி தட்டையாகவும் மேல்புறம் வளைந்தும் இருந்த மூன்று மிதவைகளை வைத்தார். தட்டையான அடி சீக்கிரம் வழுக்க ஆரம்பிக்கும், வளைவான அமரமும் இல்லை. ஆக, கரண்டிச் சிக்கல் அவருக்குப் பெரிதாக வரவில்லை. அந்த எந்திரம் இன்றும் பாரிஸ் லெ பூர்ஜே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஃபாப்ர் 1984 வரை, நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார்.

அமெரிக்காவின் கிளென் கர்ட்டிஸ் 1911 ஜனவரி 26 அன்று சான் டியாகோவில் மிதவையோடு பறந்தார். பின்பு அவர் பயன்படுத்தியது ஒற்றை மிதவை, ஏறத்தாழ 12 அடி நீளம், 2 அடி அகலம், பரிசல்போலத் தட்டையான பெட்டி. பிப்ரவரியில் அதே வகை விமானத்தில் பென்சில்வேனியா என்ற போர்க்கப்பலின் பக்கத்தில் போய் இறங்கி, பாரந்தூக்கியால் கப்பலில் ஏற்றப்பட்டு, மறுபடி நீரில் இறக்கப்பட்டுத் திரும்பினார். கடற்படைக்கு ஆசை வந்தது.

தட்டைப் பெட்டி மிதவை அமைதியான குடாவுக்குச் சரி. அலையடிக்கும் கடலுக்கு முறையான படகுதான் வேண்டும். கர்ட்டிஸ் 1912-ல் உடலையே படகாக்கினார். முதல் வடிவம் திருப்தியாக எழும்பவில்லை. நியூயார்க் மாநிலத்தில் கியூகா ஏரிக்கரையில் ஹாமண்ட்ஸ்போர்ட் என்ற ஊரில்தான் அவர் பட்டறை. விமானம் ஏரியில் உழும்போது பக்கத்திலேயே விசைப்படகில் ஓடி, அடியில் நீர் எங்கே ஒட்டுகிறது என்று கண்ணால் பார்த்தார் என்று சொல்வார்கள். அந்தக் கோடையில் பறந்த படகின் அடியில் ஒரு படி இருந்தது. அதே ஆண்டு பிரான்சில் பிரான்சுவா தெனோவும் பறக்கும் படகைக் கட்டிப் பறந்துவிட்டார். யார் முதல் என்பதில் இரு நாட்டாரும் இன்றுவரை விட்டுக்கொடுப்பதில்லை. ஒரே பிரச்சினை ஒரே நேரத்தில் இரண்டு பேரை ஒரே பக்கம் தள்ளியிருக்கிறது என்றுதான் நான் பார்க்கிறேன்.

உண்மையில் படி என்ற யோசனை இன்னும் பழையது. 1872-லேயே ரேமஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், அடியில் படி வைத்த கப்பல் வேண்டும் என்று பிரிட்டிஷ் கடற்படைக்கு எழுதினார். கப்பல் வடிவங்களை ஆராய்ந்த பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் சிறு மாதிரி செய்து சோதித்துவிட்டு, அன்றைய நீராவி எஞ்சின்களின் எடைக்கு இது ஒத்துவராது என்று சொல்லிவிட்டார். யோசனை சரி, எஞ்சின்தான் நாற்பது ஆண்டு தாமதம்.

படி என்னதான் செய்கிறது?

1. ஒட்டலை அறுக்கிறது. வழுக்கி ஓடும்போது நீர் முன்அடியை ஒட்டி வந்து, படியின் கூர்விளிம்பில் சட்டென்று பிரிகிறது. அந்த வெட்டின் ஆழம் படகின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவுதான். ஆனால் பக்கவாட்டிலிருந்து காற்று புகுந்துகொள்ள அந்த இடைவெளி போதும். காற்று புகுந்தால் உறிஞ்சல் இல்லை, பின்அடி முழுவதும் தண்ணீரைவிட்டு விலகிவிடும். தொடக்ககாலப் படகுகள் சிலவற்றில் இதையும் நம்பாமல், மேலிருந்து படிக்குப் பின்னால் காற்று வர தனிக் குழாய்கள் வைத்திருந்தார்கள்.

2. சாய்வதற்கு இடம் தருகிறது. இது பலரும் கவனிக்காத வேலை. விமானம் எழும்ப வேண்டுமானால் மூக்கு மேலே போக வேண்டும், வால் கீழே வர வேண்டும். படியை எடை மையத்துக்குச் சற்றுப் பின்னால் வைத்து, அதற்கப்புறம் பின்அடியை மேல்நோக்கிச் சரித்துவிட்டால், படியின் விளிம்பே சீசாப் பலகையின் முட்டுபோல ஆகிவிடும். விமானி கட்டுப்பாட்டுக் குச்சியை இழுத்ததும் விமானம் அந்த விளிம்பில் ஆடி மூக்கைத் தூக்கும்.

இடம் சில அங்குலம் தவறினாலும் வினைதான். படி முன்னால் போனாலோ, பின்அடியின் சரிவு பொருந்தாமல் போனாலோ விமானம் ஓங்கில்போல (டால்பின்) துள்ள ஆரம்பிக்கும்: மூக்கு ஏறும், இறங்கும், ஒவ்வொரு தடவையும் கூடுதலாக. விமானி அதைச் சரிக்கட்டப் போனால் பல நேரம் கை ஒரு தாளம் பிந்திவிடும்; துள்ளல் இன்னும் பெரிதாகும்; கடைசியில் மூக்கு குத்தும்.

படிக்கு விலையும் உண்டு. பறக்கும்போது அந்த வெட்டுக்குப் பின்னால் காற்று சுழிக்கும், எரிபொருள் வீணாகும். நீருக்கு வேண்டியது காற்றுக்கு ஆகாது.

இன்னொரு விசித்திரம்: கண்ணாடிபோல அசையாமல் கிடக்கும் நீர் விமானிகளுக்குப் பிடிக்காது. சிற்றலை இருந்தால் அடியில் காற்று கலந்து சீக்கிரம் பிரியும். அசையாத நீரில் இறங்குவதும் ஆபத்து, மேற்பரப்பு எங்கே இருக்கிறது என்றே கண்ணுக்குப் பிடிபடாது.

பீரோவின் தலையைத் தள்ளினால்

1913-ல் அட்லாண்டிக்கை விமானத்தில் முதலில் கடப்பவருக்கு 10,000 பவுண்டு தருவதாக லண்டன் டெய்லி மெயில் பத்திரிகை அறிவித்திருந்தது. அதற்காகக் கர்ட்டிஸ் கட்டிய இரட்டை எஞ்சின் படகின் பெயர் அமெரிக்கா. பணம் போட்டவர் ரோட்மன் வானமேக்கர். ஓட்டவிருந்தவர் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் சிரில் போர்ட். 1914 ஜூன் 22 அன்று கியூகா ஏரியில் இறக்கினார்கள்.

மிதந்தது. எஞ்சின்களை முழு வேகத்தில் விட்டால் மூக்கு தண்ணீருக்குள் போனது.

காரணம் எளிது. உந்துவிசிறியில் தண்ணீர்த் துளி படக்கூடாது. அந்த வேகத்தில் சுழலும் மரவிசிறிக்குத் துளி ஒவ்வொன்றும் பொடிக்கல் மாதிரி. அதனால்தான் கடல் விமானங்களின் விசிறி முனைகளில் பித்தளைத் தகடோ செப்புத் தகடோ போர்த்தினார்கள். தெறிப்பிலிருந்து தப்ப எஞ்சினை உயரத்தில், இறக்கைகளுக்கு நடுவில் வைத்தாக வேண்டும். ஆக, தள்ளுவது மேலே, தண்ணீர் பிடித்து இழுப்பது கீழே. பீரோவின் தலையைப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். நகர்வதற்குமுன் கவிழப் பார்க்கும். கர்ட்டிஸின் ஆட்கள் அணியத்தின் இரு பக்கமும் மீன்துடுப்புபோல அகலமான பலகைகளைக் கட்டி, முன்னால் கூடுதல் மிதப்பும் வழுக்குபரப்பும் உண்டாக்கினார்கள். வாரக்கணக்கில் இப்படிக் கட்டுவதும் கழற்றுவதுமாக இருக்கும்போதே ஆகஸ்டில் போர் வந்துவிட்டது.

போர்ட் இங்கிலாந்துக்குத் திரும்பினார். அந்த வகைப் படகுகளைப் பிரிட்டிஷ் கடற்படை வாங்கியது. வட கடலில் அவற்றின் அடி தாங்கவில்லை. ஃபெலிக்ஸ்டோவ் தளத்தில் போர்ட் ஒவ்வொன்றாக அடியை அறுத்து, புது அடி கட்டி, கடலில் ஓட்டிப் பார்த்து, மறுபடி அறுத்தார். எஞ்சினியரிங் பட்டம் பெற்றவரல்ல அவர். காசநோயால் கடற்படையிலிருந்து விலகியிருந்த மாலுமி. அவருடைய முடிவுகள் இரண்டு:

1. அடி ஆழமான 'வி' வடிவில் இருக்க வேண்டும். கிணற்றில் குதித்துப் பழகியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வயிறு அடிபட விழுவதற்கும் கைகூப்பித் தலைகீழாகப் பாய்வதற்கும் உள்ள வித்தியாசம் அது. தட்டை அடி நன்றாக வழுக்கும், ஆனால் அலையில் அறைபடும். 'வி' அடி அலையைப் பிளந்து இறங்கும், ஆனால் திமிலில் கொஞ்சம் கூடுதல் விசை கேட்கும்.

2. ஒரு படிக்குப் பதில் ஒன்றுக்கு மேற்பட்ட படிகள். முதல் படி வழுக்க, பின்படி வால் அமிழாமல் தாங்க.

இப்படி வந்த எஃப்.2ஏ படகு 345 குதிரைத்திறன் ரோல்ஸ் ராய்ஸ் ஈகிள் எஞ்சின்கள் இரண்டோடு, 29 மீட்டர் இறக்கையோடு, நீர்மூழ்கிகளைத் தேடி வட கடலில் மணிக்கணக்கில் சுற்றியது. போர்ட் 1919-ல் இறந்துபோனார்.

அதே ஆண்டு மே மாதம் அமெரிக்கக் கடற்படையின் என்.சி. படகுகள் மூன்று அட்லாண்டிக்கைக் கடக்கக் கிளம்பின. என்.சி.-4 மட்டும் அசோர்ஸ் தீவுகள் வழியாக மே 27 அன்று லிஸ்பன் சேர்ந்து, அட்லாண்டிக்கைக் கடந்த முதல் விமானம் ஆனது. என்னைக் கேட்டால், படகு வடிவமைப்புக்கு நற்சான்று தந்தது என்.சி.-3தான். மூடுபனியில் கடலில் இறங்கிச் சேதமாகி, மறுபடி எழும்ப முடியாமல், புயலில் 200 மைலுக்கு மேல் கப்பல்போலவே மிதந்து ஓடி அசோர்ஸ் துறைமுகத்தை அடைந்தது. ஆட்கள் அனைவரும் உயிரோடு.

செப்புக் கம்பித் தையல்

படகு கனமாக இருந்தால் பறக்காது. லேசாக இருந்தால் உடையும். சாதாரணப் படகுத் தச்சரின் கைப்பழக்கம் இங்கே செல்லாது.

இங்கிலாந்தின் சாண்டர்ஸ் பட்டறை செய்த வழி அழகானது. மெல்லிய மஹோகனிப் பலகை அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, செப்புக் கம்பியால் வரிவரியாகத் தைத்தார்கள். ஆணியும் கிடையாது, பசையை மட்டும் நம்பியதும் கிடையாது. கன்சூட்டா என்ற பெயரில் வந்த அந்தப் பலகையால்தான் சாப்வித் நிறுவனத்தின் பேட் போட் என்ற பறக்கும் படகின் உடல் ஆனது. கயிற்றால் பலகையைத் தைத்துத் தோணி கட்டும் வழக்கம் நம் கடற்கரைக்கும் பழசு. விறைப்பாக நின்று உடைவதைவிட வளைந்து கொடுப்பது மேல் என்ற அதே அறிவுதான். லிண்டன் ஹோப் என்ற படகு வடிவமைப்பாளரும் அதே வழியில் போனார். முட்டை வடிவ உடல், வளையும் சட்டங்கள், அதற்கு வெளியே தனியாக ஒட்டிய வழுக்கு அடி.

ஆனால் மரம் தண்ணீர் குடிக்கும். கடலில் கட்டிக் கிடக்கும் படகு நாளாக ஆகக் கனத்து, எண்ணெயையோ ஆளையோ குறைக்க வேண்டிய நிலை வரும். விடை டியூராலுமின் என்ற அலுமினியக் கலப்பு உலோகம். ஜெர்மனியில் கிளாடியஸ் டோர்னியர் முதல் உலகப்போர்க் காலத்திலேயே உலோகத்துக்குத் திரும்பியிருந்தார். பிரிட்டனில் ஷார்ட் சகோதரர்கள் நிறுவனம் 1924-ல் காக்கிள் என்ற சிறு உலோகப் படகைக் கட்டியது. பழைய மரப்படகான எஃப்.5-க்கு உலோக உடல் பொருத்தியும் காட்டினார்கள்.

டியூராலுமினுக்கும் ஒரு சத்துரு உண்டு, உப்பு. உப்புநீர் பட்டால் வெள்ளைப் பொடியாக அரிக்கும். 1923-ல் பிரிட்டனில் பெங்கோவும் ஸ்டூவர்ட்டும், குரோமிக் அமிலத்தில் மின்சாரம் செலுத்தி அலுமினியத்தின் மேல் அதன் ஆக்சைடையே தடிமனான தோலாக வளர்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். முதலில் பயன்பட்டது கடல் விமானப் பாகங்களைக் காப்பாற்றத்தான். இன்று பாத்திரக் கடையில் அனோடைஸ்டு கடாய் என்று கருப்பாக அடுக்கி வைத்திருக்கிறார்களே, அது அந்தக் குடும்பத்தின் தூரத்துச் சொந்தம். அமிலமும் தடிமனும்தான் வேறு.

ரம்பத்தால் பிளந்த மிதவை

படகு அகலம் குறைவாகவும் எஞ்சினும் இறக்கையும் உயரத்திலும் இருந்தால் பக்கவாட்டில் கவிழும். இதற்கு மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, இறக்கை முனைகளில் குட்டி மிதவைகள். எளிது, ஆனால் அலையில் பிய்த்துக்கொள்ளும், பறக்கும்போது காற்றுத் தடை.

இரண்டாவது, இரட்டை மிதவை. 1914-ல் மொனாக்கோவில் நடக்கவிருந்த, கடல் விமானங்களுக்கான ஷ்னைடர் கோப்பைப் பந்தயத்துக்காகச் சாப்வித் டேப்லாய்ட் விமானத்தை நடுவில் ஒற்றை மிதவையோடு தயாரித்தார்கள். சோதனையில் நீரில் குப்புறக் கவிழ்ந்தது. நேரமில்லை. அந்த மிதவையையே நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்து இரண்டாக்கி, வெட்டுவாயை மூடி, அகலமாகப் பொருத்தினார்கள். ஹோவர்ட் பிக்ஸ்டன் அதில்தான் கோப்பையை வென்றார்.

மூன்றாவது டோர்னியருடையது. படகின் இடுப்பில் இருபுறமும் குட்டை இறக்கைபோலத் தடித்த புடைப்புகள். நீரில் அவை மிதப்புத் தந்து கவிழாமல் காக்கும், காற்றிலும் கொஞ்சம் தூக்கும், ஏறி இறங்கத் திண்ணையாகவும் ஆகும். 1922-ல் வந்த 'வால்' (Wal) என்ற பெயருள்ள படகில் இந்த அமைப்பு இருந்தது. 1925-ல் நார்வேயின் துருவப் பயணி அமுண்ட்சென் இரண்டு 'வால்' படகுகளை எடுத்துக்கொண்டு வடதுருவம் நோக்கிப் போய்ப் பனிக்கட்டிகளுக்கு நடுவே இறங்கினார். ஒன்றைக் கைவிட வேண்டியதாயிற்று. மூன்று வாரத்துக்கு மேல் பனியைச் செதுக்கி ஓடுபாதை போட்டு, ஆறு பேரும் மிச்சமிருந்த ஒரே படகில், பனியின் மேலேயே வழுக்கி எழும்பித் திரும்பினார்கள். அந்த அகன்ற உலோக அடி இல்லாவிட்டால் அது நடந்திருக்காது.

டோர்னியர் அங்கே நிற்கவில்லை. 12 எஞ்சின், 48 மீட்டர் இறக்கை கொண்ட டோ எக்ஸ் 1929 அக்டோபர் 21 அன்று 169 பேரோடு எழும்பியது. அதிசயம்தான், வியாபாரமாகவில்லை. கட்டியது மொத்தம் மூன்றே.

தொட்டியில் ஓடிய பொம்மைகள்

கர்ட்டிஸும் போர்ட்டும் முழு அளவில் கட்டி, ஓட்டி, உடைத்துக் கற்றார்கள். அடுத்த தலைமுறை, நீர்த்தொட்டியில் சிறு மாதிரிகளை ஓட்டிக் கற்றது. ஃப்ரூட் கண்ட விதி இதுதான்: மாதிரியின் அலை பெரிய படகின் அலையைப்போலவே இருக்க வேண்டுமானால், வேகத்தை நீளத்தின் வர்க்கமூல விகிதத்தில் குறைக்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரிக்கு நான்கில் ஒரு பங்கு வேகம் போதும். மணிக்கு 80 கி.மீ.க்குப் பதில் 20. கப்பலுக்கு அதோடு முடிந்தது. பறக்கும் படகுக்கோ, வேகம் கூடக்கூட இறக்கை எடையை வாங்கிக்கொள்ளும். அதைக் கணக்கிட்டு மாதிரியின் சுமையையும் வேகத்துக்கு ஏற்பக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். ஷார்ட் நிறுவனம் ராசெஸ்டரில் சொந்தமாகவே ஒரு தொட்டி கட்டிக்கொண்டது. அமெரிக்காவில் 1931-ல் லாங்லி விமான ஆய்வுக்கூடத்தில் நீளமான தொட்டி ஒன்று இதற்கென்றே வந்தது.

உலகின் அதிவேக விமானத்துக்கு ஏன் மிதவை?

1931-ல் சூப்பர்மரின் எஸ்.6பி மணிக்கு 655 கி.மீ. வேகத்தைத் தொட்டது. 1934-ல் இத்தாலியின் மாக்கி எம்.சி.72 மணிக்கு 709 கி.மீ. தொட்டது. இரண்டும் அன்றைய உலகச் சாதனைகள். இரண்டும் மிதவை விமானங்கள். அவ்வளவு பெரிய இரண்டு மிதவைகளைச் சுமந்துகொண்டு எப்படி?

வேகத்துக்குச் சின்ன இறக்கை வேண்டும். சின்ன இறக்கையோ மெதுவாகப் பறக்காது. புறப்படவும் இறங்கவும் நீளமான ஓட்டம் கேட்கும். அன்றைய விமானத் தளங்கள் பெரும்பாலும் புல்வெளிகள். கடலுக்கோ முடிவில்லை. மிதவையின் காற்றுத் தடையைவிட, சின்ன இறக்கையால் வந்த லாபம் பெரிது. எஸ்.6 வகையில் மிதவைக்கும் இரட்டை வேலை: எரிபொருள் அதற்குள்தான். விசிறி ஒரு பக்கம் சுழல, அதன் எதிர்த்திருகல் இடது மிதவையை நீருக்குள் அமுக்கியதால், வலது மிதவையில் கூடுதல் எரிபொருள் நிரப்பிச் சமன்செய்தார்கள். மாக்கி எதிரெதிராகச் சுழலும் இரண்டு விசிறிகளை வைத்துத் திருகலையே ஒழித்தது.

அப்புறம் ஏன் காணாமல் போயின?

இரண்டாம் உலகப்போர் முடியும்வரை தேவை இருந்தது. சென்னைக்கு அருகே செங்குன்றம் ஏரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் கேடலினா பறக்கும் படகுகள் நின்றிருந்தன. 1943 முதல் 1945 வரை ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து இலங்கையின் கொக்கலை வாவிக்குக் கேடலினாக்கள் இடைநில்லாமல் பறந்து வந்தன. ஒரு பயணம் 27 முதல் 33 மணி நேரம்.

அதே போர்தான் முடிவையும் கொண்டுவந்தது. உலகமெங்கும் கான்கிரீட் ஓடுபாதைகள் போட்டாயிற்று. பாதை இருக்கும் இடத்தில் ஆழமான வயிறும் படியும் வெறும் சுமை. அலையடித்தால் சேவை ரத்து, மிதக்கும் கட்டை தட்டினால் அடி ஓட்டை, பராமரிக்க வேண்டுமானால் சரிவுப்பாதையில் கரையேற்ற வேண்டும்.

இன்று மாலத்தீவு போன்ற இடங்களில் மட்டும் கணக்கு இன்னும் மிதவைப் பக்கம் இருக்கிறது. தீவுக்கு ஓர் ஓடுபாதை போட இடமில்லை, தீவைச் சுற்றி அமைதியான வாவி இருக்கிறது. அங்கும் 1920-களின் பழைய பகை தீரவில்லை. கடல் நீரில் ஓடும் விமானத்தை நன்னீர் விட்டுக் கழுவாமல் விட்டால், உப்பு இடுக்குகளில் உட்கார்ந்து தன் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிடும். மிதவைக்குள் கசிந்த நீரையும் விடிகாலையில், முதல் பறப்புக்கு முன், ஒவ்வோர் அறையாகக் கைப்பம்பால் இறைத்துவிட வேண்டும்.